லாச்சியும் அலுமாரியும் எங்களுடையவை, 13 மட்டும் அந்நியனுடையதா?

புதிய அரசியலமைப்பு எழுதப் போவதாகச் சொல்லும் பாராளுமன்ற உறுப்பினர்கள் 225 பேருக்கும்,

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். உங்களில் ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம், அவர் சொன்னதையே உங்களில் பலர் வேறு வேறு மேடைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வெளிநாட்டுக்காரன் எங்கள் கழுத்தில் மாட்டிவிட்டுப் போன கயிறு, இந்த நாட்டின் கலாசாரத்துக்கு அது ஒத்துவராது, அதனால்தான் மாகாண சபை உருப்படவில்லை, இனி எங்கள் மண்ணுக்கேற்ற அரசியலமைப்பை நாங்களே எழுதுவோம் என்றார். மண்டபம் கைதட்டியது. பக்கத்துக் கதிரைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியும் அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகாததால் இதை எழுதுகிறேன்.

நான் வடக்கில் ஒரு மாகாணத் திணைக்களத்தில் 27 வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். முகாமைத்துவ உதவியாளர் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள், வேலை அதே வேலைதான். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் நீங்கள் கொழும்பில் நிறைவேற்றுகிற சட்டம் சுற்றுநிருபமாக மாறி, கோப்பாக மாறி, கடைசியில் ஒரு கிழவியின் கையில் விண்ணப்பப் படிவமாகப் போய்ச் சேரும்வரை அதன் கூடவே நடந்தவள். அந்த அளவுக்கு எனக்கும் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த அந்நியக் கதையை எடுத்துக்கொள்வோம். நான் வேலைக்குப் போன இடத்தை அம்மா சாகும்வரை கந்தோர் என்றுதான் சொன்னா. அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். என் மேசை லாச்சியும் ஒல்லாந்தர் சொல், கோப்பு வைத்த அலுமாரி போர்த்துக்கேயர் சொல், காணிக்காரர் தேடி வருகிற தோம்பும் அவர்களுடையது, உறுதி எழுதுகிற நொத்தாரிசு திரும்பவும் ஒல்லாந்தர். சொல்லை விடுங்கள். இந்த நாட்டில் ஒருவர் இன்னொருவரை ஒப்பந்தத்தில் ஏமாற்றி வழக்குப் போனால் நீதிபதி எடுத்துப் பார்ப்பது உரோமன் ஒல்லாந்துச் சட்டம், ஒல்லாந்திலேயே அது கைவிடப்பட்டு எத்தனையோ தலைமுறை. கள்ளனைத் தண்டிக்கிற தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் ஆக்கியது. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி எந்த மன்னன் காலத்து ஓலைச் சுவடியில் இருந்து வந்தார்? 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன பிரான்சைப் பார்த்துக் கொண்டுவந்தவர்தானே அவர். அந்தக் கதிரையை ஒழிப்பதாக வாக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அதில் போய் வசதியாக உட்கார்ந்தார்கள், அது எங்கள் கலாசாரத்துக்கு ஒத்துவராத கதிரை என்று ஒருவரும் எழும்பவில்லை. ஆகவே ஒன்று வெளியே இருந்து வந்தது என்பது உங்களுக்கு உண்மையில் ஒரு பிரச்சினையே இல்லை. எது எழும்ப வேண்டும், எது இருக்கலாம் என்பதை வேறு ஏதோ தீர்மானிக்கிறது.

அப்புறம் இந்தப் "பண்பாடு". என் தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன், அவளிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். அவளுடைய புருஷன் வெளிநாடு போய் ஆறு வருடம், முதல் இரண்டு வருடம் காசு வந்தது, பிறகு போனும் இல்லை. மகனைப் படிப்பிக்க, அம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த இரண்டு பரப்புக் காணியை விற்கப் போனாள். நொத்தாரிசு நல்ல மனிதர், எங்களுக்குத் தெரிந்தவர், உறுதியை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பிரட்டிப் பார்த்துவிட்டு லாச்சிக்குள் வைக்காமல் அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். "பிள்ளை, புருஷன்ரை கையொப்பம் இல்லாமல் இதை முடிக்கேலாது. எங்கடை தேசவழமை அப்பிடி. எங்கடை பண்பாடு." தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டம். காணி அவளுடையது, அவளுடைய அம்மாவுடையது, அதற்கு முன் அம்மம்மாவுடையது. விற்க மட்டும், எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஒருவனின் கையொப்பம் வேண்டும். கடைசியில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு நீதிபதியின் சம்மதம் வாங்கி விற்றாள். 14 மாதம் போனது, மகனின் முதல் வருடமும் அதோடு போனது.

அவர் பண்பாடு என்று சொன்ன அந்தத் தேசவழமையை எழுத்தில் கொண்டுவந்தது யார் என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து ஆட்சி அதிகாரி, திசாவை என்று பதவிப் பெயர். 1707இல் எழுதி முடித்து, தமிழில் மொழிபெயர்ப்பித்து, சரியா என்று ஊர்ப் பிரமுகர்களான பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறார். மனைவியின் காணிக்குப் புருஷனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று இன்றைக்கும் கட்டிவைத்திருப்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம், அதுவும் வெள்ளைக்காரன் காலத்தது. பன்னிரண்டு முதலிமாரில் ஒரு பெண்கூட இல்லை என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? முன்னூறு வருடம் கழிந்து அது "எங்கடை பண்பாடு" ஆகிவிட்டது, எங்கள் ஆட்களே அதற்குக் காவல் நிற்கிறார்கள். இதைச் சொன்னதற்கு எனக்கு எங்கள் பக்கத்திலும் திட்டு விழும், விழட்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்துதான் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் யாரைக் கேட்டு எழுதினார்கள் என்று பார்க்கிறேன். இந்த நாட்டு அரசியலமைப்புகளை அப்படி ஒன்றொன்றாகப் பாருங்கள்.

சுதந்திர காலத்துச் சோல்பரி அரசியலமைப்பு வெள்ளைக்காரன் தந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உண்மையில் அதன் பெரும்பகுதி டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சர்கள் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஐவர் ஜெனிங்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயாரித்த வரைபு. அரசியல் நிர்ணய சபை கூடவில்லை, மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை. அதில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது, ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ பாதகமாகப் பாராளுமன்றம் சட்டம் செய்ய முடியாது என்று. அதைப் பெரிய கவசம் என்று நான் சொல்ல மாட்டேன். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது அது தடுக்கவில்லை, எங்கள் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் அதைச் சரி என்றது. ஆனால் எங்களைப் போல ஒரு அரசாங்க எழுதுவினைஞர், கோடீஸ்வரன், சிங்களப் பரீட்சை எழுதாததற்காகச் சம்பள உயர்வை நிறுத்தியதும் அதே 29ஐப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு கிளாக்கர் போட்ட வழக்கு! 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுமீது வழக்குப் போடவே முடியாது என்று தட்டிவிட்டது. 1969இல் பிரிவி கவுன்சில், போடலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்பதை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. விசாரிக்கவில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகிற வழி மூடப்பட்டது, 1972இல் 29ஆம் பிரிவே போனது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

1972, நாங்களே எழுதினோம் என்று நீங்கள் பெருமைப்படுகிற அரசியலமைப்பு. நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபை கூடியது, வெள்ளைக்காரனின் நிழல்கூடப் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். சிங்களம் அரச கரும மொழி என்பது சாதாரணச் சட்டத்தில் இருந்து அரசியலமைப்புக்குள் ஏறியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது, ஒற்றையாட்சி என்று எழுதப்பட்டது. தமிழரசுக் கட்சி திருத்தங்கள் கொடுத்துப் பார்த்துவிட்டு 1971 ஜூனில் வெளியேறியது. அதை முன்நின்று எழுதிய கொல்வின் ஆர். டி சில்வாதான் 1956இல், ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர். தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, இந்த அரசியலமைப்பை என் மக்கள் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்க்கலாம் என்றார். அந்த இடைத்தேர்தலை வைக்க அரசாங்கத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. 1975இல் வென்றார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், எங்கள் வீடுகளுக்கும் தெரியும்.

இந்தச் சொந்தச் சரக்கு எங்களுக்குச் செய்ததை வெள்ளைக்காரன் தந்த தாள்கூடச் செய்யவில்லை என்று ஒரு தமிழச்சி சொன்னால் கோபப்படுவீர்கள். கோபப்பட்டுவிட்டு யோசியுங்கள்.

இனி 13. அது திணிக்கப்பட்டதுதான், மறைக்க ஒன்றுமில்லை. 1987 ஜூலை 29இல் கொழும்பில் ஊரடங்கு போட்டுவிட்டு இந்தியாவோடு ஒப்பந்தம் வைத்தார்கள், மறுநாள் அணிவகுப்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்குத் துப்பாக்கிப் பிடியால் அடி விழுந்தது, உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்துதான் அந்தத் திருத்தம் தப்பியது. உங்களைக் கேட்கவில்லை என்கிறீர்கள். எங்களையும் யாரும் கேட்கவில்லையே. எங்களுக்குத் தந்ததாகச் சொல்கிற ஒன்றை நாங்கள் கண்ணால் பார்க்க எத்தனை வருடம் எடுத்தது? 1988இல் ஒரு வடகிழக்கு மாகாண சபை, 1990இல் கலைந்தது. அதன் பிறகு வடக்கில் ஒரு தேர்தல் 2013 செப்டெம்பரில்தான். அந்தச் சபையின் ஐந்து வருடம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அவ்வளவுதான் எங்கள் கணக்கு. தெற்கில் ஏழு மாகாணங்களில் அதே அந்நியச் சபைகள் தேர்தல் மேல் தேர்தலாக நடந்தன, உங்களில் எத்தனையோ பேர் அங்கே உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்து அரசியல் பழகித்தான் பாராளுமன்றம் வந்தீர்கள். அப்போது கலாசாரம் இடிக்கவில்லை.

அந்த ஐந்து வருடத்தை நான் உள்ளே இருந்து பார்த்தேன். எங்கள் சபையைப் புகழ வரவில்லை. தீர்மானம் தீர்மானமாக நிறைவேற்றினார்கள், நியதிச்சட்டம் என்கிற மாகாணச் சட்டம் செய்யச் சுணங்கினார்கள், பாதி நேரம் தங்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் ஒன்று நடந்தது. தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. தாய்மார் நாலு பேர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்கள், நான் வழக்கம் போலக் கடிதம் தாங்கோ, மேலே அனுப்பலாம் என்றேன். அதில் ஒருத்தி, "மேலை எண்டால் ஆர்? எங்கடை மெம்பர்தானே, அவர்ரை வீடு தெரியும், நாங்கள் அங்கை போறம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் அந்த உறுப்பினர் கோப்பின் இலக்கத்தோடு எங்கள் கந்தோர் வாசலில் நின்றார். ஆசிரியர் வர ஐந்து மாதமானது, அதுவும் கெட்டித்தனம் இல்லை. ஆனால் எனக்கு 27 வருடத்தில் அரசியலமைப்பு என்ற ஒன்று வாசற்படி ஏறி உள்ளே வந்ததைப் பார்த்த நாள் அதுதான். இப்போது அந்தத் தாய்மார் யாருடைய வீட்டுக்குப் போவார்கள்? ஆளுநரை ஜனாதிபதி அனுப்புகிறார், அவருடைய வீடு ஊரில் இல்லை.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்த கதை. பிரதேச செயலாளர்களை 1992இல் சட்டம் போட்டு மத்திக்கு எடுத்தீர்கள். தேசிய காணி ஆணைக்குழு அமைக்க வேண்டும் என்று திருத்தத்திலேயே இருக்கிறது, இதுவரை அமைக்கவில்லை. பொலிஸ் அதிகாரம் தாளிலேயே கிடக்கிறது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினீர்கள், அதற்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நீங்களே தோற்கடித்தீர்கள், ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை என்று அந்தரத்தில் விட்டீர்கள். 2014இல் ஊவாவில் நடந்ததற்குப் பிறகு நாட்டில் ஒரு மாகாண சபைத் தேர்தலும் இல்லை. மாட்டின் நாலு காலையும் கட்டிப்போட்டுவிட்டு, இது வெளிநாட்டு மாடு, எங்கள் வயலில் உழாது என்கிறீர்கள்.

இன்னொன்று. தமிழும் அரச கரும மொழி என்ற வரி எங்கே இருந்து வந்தது? அதே 13இல் இருந்துதான். அதை அகற்றுகிறபோது இதையும் அந்நியம் என்று அகற்றுவீர்களா தெரியாது, ஆனால் இருக்கிறபோதே அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஓய்வூதியக் கோப்பு அலுவலாகக் கொழும்புக்குப் போன நாளில் பஸ் நிலையத்தில் என் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான் ஒருவன். பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இளம் பொலிஸ்காரர், மரியாதையான பிள்ளை, தன் கதிரையைத் தந்து தண்ணீரும் தந்தார். தமிழ் எழுத ஆள் இல்லை. வாசலில் போன் கார்ட் விற்ற பையனைக் கூப்பிட்டார்கள், நான் பத்து வசனம் சொன்னால் அவன் இரண்டு சொன்னான், அவர் வேகமாக எழுதி, கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். வாசிக்க முடியாத ஒன்றுக்குக் கையொப்பம் வைத்தேன், 27 வருடம் மற்றவர்களை "வாசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ" என்று சொன்ன நான். ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் பை பறிக்கிற ஒருவனைப் பிடித்த செய்தி பார்த்து, தெரிந்த ஒருவரை அனுப்பிக் கேட்பித்தேன். என் முறைப்பாட்டில் திருட்டே இல்லையாம். பயணி தன் பையைத் தவறவிட்டதாக எழுதியிருக்கிறதாம்.

அந்தப் பொலிஸ்காரரில் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் தமிழ் படிப்பிக்கவில்லை. 1988இல் 16ஆவது திருத்தத்தோடு வந்த ஏற்பாடுகளின்படி நாட்டின் எந்த மூலையிலும் அரசாங்கத்தோடு தமிழில் பேச எனக்கு உரிமை இருக்கிறது. அது அரசியலமைப்பில் இருக்கிறது, அந்தப் பையனின் வாயில்தான் நடந்தது.

கடைசியாக, கேட்பதைப் பற்றி. 2016இல் ஒருமுறை கேட்டீர்கள், அதை மறுக்க மாட்டேன். பொதுமக்கள் கருத்தறியும் குழு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது, நானும் வரிசையில் நின்று பேசினேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயா பள்ளிக் கொப்பியில் இருந்து கிழித்த நாலு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்திருந்தார், வாசிக்கும்போது தாள் நடுங்கியது. குழு அறிக்கை வெளியிட்டது, 2017 செப்டெம்பரில் வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கையும் வந்தது, அதில் சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய" என்றும் தமிழில் "ஒருமித்த நாடு" என்றும் போட்டிருந்தார்கள். அங்கே போய் ஒற்றையாட்சி போகவில்லை என்றார்கள், இங்கே வந்து ஒற்றையாட்சி போய்விட்டது என்றார்கள். அதோடு அலுமாரிக்குள் போனது. பிறகு 2020இல் இன்னொரு நிபுணர் குழு, இன்னொரு வரைபு. அந்த ஐயா இப்போது உயிரோடு இல்லை. நீங்கள் திரும்பவும் கருத்துக் கேட்க வரப்போகிறீர்களாம்.

வாருங்கள். ஆனால் வர முன்னால் எனக்கு இவை வேண்டும்.

புதிய அரசியலமைப்பு வரும்வரை என்று சாட்டுச் சொல்லாமல் மாகாண சபைத் தேர்தலை வையுங்கள். எல்லை நிர்ணயம் முடியவில்லை என்றால் பழைய விகிதாசார முறையிலேயே வைக்க ஒரு திருத்தம் போதும், மனம் இருந்தால் ஒரு கிழமை வேலை. தேதியைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் வாக்குமூலத்தைச் சொல்பவரின் மொழியிலேயே எழுத வேண்டும், அந்த மொழியில் வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்கக்கூடாது, வாங்கினால் அது செல்லாது என்று சட்டமாக்குங்கள். இதற்குப் புதிய அரசியலமைப்பு தேவையில்லை.

தேசவழமையில் பெண் தன் காணியை விற்கக் கணவனின் கையொப்பம் கேட்கிற ஏற்பாட்டை நீக்குங்கள். எங்கள் தமிழ் உறுப்பினர்களே, இது முதலில் உங்களுக்கு. சமஷ்டி பற்றிப் பேசுகிற வாய் இதிலும் திறக்க வேண்டும்.

2016இல் சனங்கள் எழுத்திலும் வாய்மொழியாகவும் கொடுத்ததை எல்லாம் வெளியே எடுத்து, எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு புதிதாகக் கேளுங்கள். வரைபைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டாம், தமிழிலும் எழுதுங்கள், இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில். "ஏக்கிய" என்று அங்கே எழுதுகிறபோது அதற்கு இங்கே என்ன சொல் என்பதை அந்த மேசையிலேயே சண்டை பிடித்து முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.

அந்த ஐயாவின் நாலு தாளும் உங்கள் அலுமாரி ஒன்றில்தான் இருக்க வேண்டும். பள்ளிக் கொப்பித் தாள், நீலப் பேனை, கடைசிப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம். தேடி எடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிளாக்கர்